மூன்றாவது டப்பா

அலுவலகத்தில் அவளுக்குச் ‘சீச்சி’ என்று பெயர். முகத்துக்கு நேரே மேடம், முதுகுக்குப் பின்னால் சீச்சி. யார் வைத்தது என்று விசாரிக்கத் தேவையில்லை, அவளாகச் சம்பாதித்துக்கொண்டதுதான். காலையில் சுகாதாரத் துறைக் கட்டடத்தின் படியேறும்போது கைப்பிடியில் ஒட்டியிருக்கும் பிசுக்கைப் பார்த்து ஒரு ‘சீ’. பக்கத்து மேசைக்காரர் விரலில் எச்சில் தொட்டுக் கோப்பு புரட்டுவதைப் பார்த்து இன்னொரு ‘சீ’. கழிவறைக் கதவைத் திறந்தால் இரண்டும் சேர்ந்து ‘சீச்சீ’. கைப்பையில் எப்போதும் தனி டப்பியில் ஒரு சோப்பு இருக்கும். அதை யாராவது இரவல் கேட்டுவிட்டால் அன்றைக்கு அவளுக்கு வேலை ஓடாது.

சுத்தப் பைத்தியம் என்று சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் அவளுடைய அருவருப்பு அழுக்கோடு நிற்பதில்லை. பெரிய அதிகாரி வந்தால் மட்டும் வளைகிற முதுகு, தொலைபேசியில் ஒரு குரலும் நேரில் ஒரு குரலுமாகப் பேசுகிற வாய், வேலை செய்யாமல் வேலை செய்ததாகக் காட்டிக்கொள்கிற அவசரம், எல்லாமே அவளுக்குப் பிசுக்குதான். கல்யாணம் ஆகிக் கொஞ்ச நாள் ஒருவரோடு வாழ்ந்தும் பார்த்தாள். பிரிந்ததற்கு அந்த மனிதர் ஊரெல்லாம் ஏதேதோ காரணம் சொன்னார். அவள் சொன்ன காரணம் ஒன்றுதான்: சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து கால் நகம் வெட்டுவார், கேட்டால் வெட்டவில்லை என்று பொய்யும் சொல்வார். நகத்தைக்கூடப் பொறுத்திருப்பாள். பொய்யைப் பொறுக்க முடியவில்லை.

இந்த உலகத்தில் அவள் ‘சீ’ சொல்லாத ஆள் ஒருவன் இருந்தான் என்றால் அது தம்பி. அம்மா சீக்கிரம் போய்விட்டதால் அவனுக்கு மூக்குத் துடைத்தது, கால் கழுவிவிட்டது, காய்ச்சலில் எடுத்த வாந்தியைக் கையில் ஏந்தியது எல்லாம் அக்காதான். அப்படி வளர்ந்தவன் படிப்பு ஏறாமல் தோல் பதனிடும் பட்டறையில் லாரி ஓட்டப் போனான். பட்டறைக்குப் பின்னால், சாய நீர் ஓடும் கால்வாயை ஒட்டி, சுவரோடு சுவர் உரசுகிற வீடுகளில் ஒன்றில் குடியிருந்தான். பச்சைத் தோலின் வீச்சம் அந்தத் தெருவில் துணியில் ஏறும், தலைமுடியில் ஏறும், குடிக்கிற தண்ணீரிலும் ஏறும். சீச்சி அங்கே போகிற நாளெல்லாம் மூக்கில் கைக்குட்டையோடுதான் போவாள். போனதும் ஒரே பாட்டு.

“இந்த நாத்தத்துல எப்படிடா குடும்பம் நடத்துறே? என் வீட்டுக்கு வந்துடுங்க.”

“எங்களுக்கு நாறலையே அக்கா,” என்பான் அவன், சிரித்துக்கொண்டே.

போன வருஷம் தம்பிக்குப் பெண் குழந்தை பிறந்தது. அதற்குப் பிறகு சீச்சி வாராவாரம் அந்தத் தெருவுக்குப் போனாள். கைக்குட்டை வாசல் வரைக்கும்தான். உள்ளே போய்க் குழந்தையைத் தோளில் போட்டுக்கொள்வாள், அது பாலைக் கக்கும், அந்தக் கறையோடே பேருந்து ஏறி வீடு திரும்புவாள். குழந்தையின் பேரைச் சொன்னால் போதும், எந்தப் பக்கம் கிடந்தாலும் தலையைத் திருப்பி, பல்லில்லாத வாயைத் திறந்து காட்டும். அத்தையின் குரலுக்கு மட்டும் காலையும் சேர்த்து உதைக்கும் என்று தம்பி மனைவி சொல்லுவாள். அது பொய்யோ மெய்யோ, சீச்சி நம்பினாள்.

தம்பி மனைவி வீட்டிலேயே தையல் இயந்திரம் வைத்து ரவிக்கை தைக்கிறவள், கெட்டிக்காரி. ஒருநாள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே கேட்டாள்.

“அண்ணி, ஆபீஸ்ல அப்படி என்னதான் கணக்கு போடுவீங்க? இவர்கிட்ட கேட்டா ‘பெரிய கணக்கு’ங்கிறாரே தவிர ஒண்ணும் தெரியல.”

சீச்சிக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது. அலுவலகத்தில் பத்து வருஷமாக யாரும் கேட்காத கேள்வி. அடுக்களையிலிருந்து மூன்று டப்பாக்களை எடுத்துவந்து வரிசையாக வைத்தாள். முதல் டப்பாவில் உலர்ந்த பட்டாணியைக் கொட்டினாள்.

“இது நோய் வரக்கூடியவங்க. ரெண்டாவது டப்பா, நோய் வந்து மத்தவங்களுக்கும் பரப்புறவங்க. இதுல ஒரு பட்டாணி விழுந்துச்சுன்னா, முதல் டப்பாவுல இருந்து இன்னும் சிலதை இழுத்துக்கும். இழுத்ததெல்லாம் இன்னும் சிலதை இழுக்கும். எவ்வளவு வேகமா இழுக்கும்னு கணக்குப் போடுறதுதான் மாடல். ஊசி போட்டா முதல் டப்பாவுல இருக்கறது ரெண்டாவதுக்குப் போகாது. எந்தத் தெருவுல முதல்ல ஊசி போட்டா நிறையப் பட்டாணி தப்பிக்கும்னு பாத்து மேலே சொல்லணும்.”

“மூணாவது டப்பா?”

“அது நீங்கியவங்க. நோய் வந்து முடிஞ்சு போனவங்க. இனி யாருக்கும் பரப்ப மாட்டாங்க.”

“முடிஞ்சு போனவங்கன்னா, பொழைச்சவங்களா?”

“பொழைச்சவங்களும்தான். செத்தவங்களும்தான்.”

தம்பி மனைவி ஊசியைக் கீழே வைத்தாள். “ரெண்டையும் எதுக்கு ஒரே டப்பாவுல போடுறீங்க?”

“ரெண்டு பேருமே யாருக்கும் நோய் கொடுக்க மாட்டாங்க இல்லையா? கணக்குக்கு ரெண்டும் ஒண்ணுதான். நோய் எப்படிப் பரவுதுன்னு பாக்க இது போதும்.”

“நல்லா இருக்கு அண்ணி உங்க கணக்கு!” என்று சிரித்துவிட்டுப் பட்டாணியைத் திரும்ப அள்ளினாள் தையல்காரி. சீச்சியும் சிரித்தாள். கைப்பிடிப் பிசுக்குக்கு முகம் சுளிக்கிறவளுக்கு அந்த மூன்றாவது டப்பாவைப் பார்த்து ஒருநாளும் முகம் சுளிக்கத் தோன்றியதில்லை. படித்த நாளிலிருந்து அது அப்படித்தான் இருந்தது, புத்தகத்திலும் அப்படித்தான், உலகம் பூராவும் அந்தத் தொழில் செய்கிறவர்களுக்கும் அப்படித்தான்.

குழந்தைக்கு ஏழு மாதம் நடந்துகொண்டிருந்தபோது பட்டறைப் பக்கத்தில் தட்டம்மை கிளம்பியது. தட்டம்மைக்கு முதல் ஊசி ஒன்பது மாதம் முடிந்துதான் போடுவார்கள். நோய் கொத்தாகப் பரவுகிற இடத்தில் மட்டும் ஆறு மாதத்திலேயே முன்கூட்டி ஒன்று போடலாம், அதற்கு மேலிடத்து உத்தரவு வேண்டும். கிடங்கில் இருந்த மருந்தோ நகரத்தில் ஒரு பகுதிக்குத்தான் காணும். அடுத்த வரத்துக்கு இரண்டு மாதம் ஆகும் என்றார்கள். எந்தப் பகுதிக்கு என்பதுதான் கேள்வி.

ஒரு பக்கம் பட்டறைப் பகுதி. இன்னொரு பக்கம் மேட்டுப் பகுதி, அகலமான தெருக்கள், மதில் சுவர்கள், ஒவ்வொரு வீட்டிலும் யாராவது ஒரு பெரிய மனிதர். அங்கே ஒரு நோயாளிகூட இல்லை. ஆனால் அங்கிருந்துதான் சுகாதார இயக்குநருக்கு விடாமல் தொலைபேசி வந்தது, எங்கள் பேரப்பிள்ளைகளுக்கு எப்போது ஊசி என்று. தனியார் மருத்துவமனைகளில் இருந்த மருந்தை ஏற்கனவே அவர்கள் துடைத்து வழித்தாகிவிட்டது. சீச்சி காசு கொடுத்து ஒரே ஒரு ஊசி வாங்கப் போய் நாலு இடத்தில் கை விரித்துவிட்டார்கள். அரசு மையத்து நர்ஸம்மாவோ, “உத்தரவு இல்லாம ஏழு மாசத்துக் குழந்தைக்கு நான் எப்படி மேடம் போட முடியும்? நீங்களே இந்தத் துறைதானே,” என்றாள். நியாயம்தான். குழந்தைக்கு ஊசி வேண்டுமென்றால் அந்தத் தெருவுக்கே உத்தரவு வரவேண்டும். அந்த உத்தரவு சீச்சியின் கணக்கைப் பார்த்து வரவேண்டும்.

அவள் சாப்பாடு மறந்து கணக்குப் போட்டாள். பட்டறைப் பகுதியில் முதலில் போட்டால் என்ன ஆகும், மேட்டுப் பகுதியில் போட்டால் என்ன ஆகும், எங்கேயும் போடாவிட்டால் என்ன ஆகும் என்று மூன்று வரைபடங்கள். மூன்றாவதில், பட்டறைப் பகுதியை அப்படியே விட்டுவிட்டால் கடைசியில் அங்கே ஊசி போடாத குழந்தைகளில் ஏறக்குறைய எல்லாருமே நோய் வந்து முடிந்தவர்களாகிவிடுவார்கள் என்று கோடு விறுவிறுவென்று மேலே ஏறி உச்சியில் நின்றது. அந்தக் கோட்டின் பக்கத்தில் வழக்கம்போல ஒரு சொல் எழுதினாள்: நீங்கியவர்கள். எச்சரிப்பதற்காகப் போட்ட கோடு அது. பட்டறைப் பகுதிக்கு உடனே, ஆறு மாதத்திலிருந்தே ஊசி போட வேண்டும் என்று அடியில் எழுதி மேலே அனுப்பினாள்.

மேலே என்றால் முதலில் ‘மெருகு’ கைக்கு. இயக்குநரின் நேர்முக உதவியாளருக்குத்தான் அந்தப் பெயர். துறையின் அறிக்கைகள், செய்திக் குறிப்புகள், இயக்குநரின் மேடைப் பேச்சு எல்லாவற்றுக்கும் அவர்தான் மெருகு போடுவார். ‘இறந்தனர்’ என்று வந்தால் ‘உயிரிழப்பு நேரிட்டது’ என்று மாற்றுவார். ‘குடிநீர் வரவில்லை’ என்றால் ‘குடிநீர் வழங்கல் சீரமைக்கப்பட்டு வருகிறது’. கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. சொல்லுக்குச் சட்டை மாட்டாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது, அவ்வளவுதான்.

கூட்டத்துக்குச் சீச்சி போனபோது இயக்குநர் ஏற்கனவே மலர்ந்த முகத்தோடு உட்கார்ந்திருந்தார். அவருக்குச் ‘சென்ட்டு’ என்று பெயர், அறைக்கு வெளியே நாலடி தூரத்திலேயே காரணம் தெரிந்துவிடும். திரையில் அவளுடைய மூன்றாவது வரைபடம் மட்டும் இருந்தது. மற்ற இரண்டையும் காணோம். உச்சியில் நின்ற கோட்டின் பக்கத்தில் ‘நோய் நீங்கியவர்கள்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

“பிரமாதம்மா,” என்றார் இயக்குநர். “பட்டறைப் பக்கத்துல கிட்டத்தட்ட எல்லாக் குழந்தைகளும் தானாவே நோய் நீங்கிடுவாங்கன்னு உங்க மாடலே சொல்லுது. அப்புறம் அங்க மருந்தை எதுக்கு வீணாக்கணும்? மேட்டுப் பகுதிக்கு அனுப்பச் சொல்லிட்டேன்.”

சீச்சிக்கு ஒரு கணம் காது அடைத்தது. “சார், அது நோய் நீங்கினவங்க இல்ல. நோய் வந்து முடிஞ்சவங்க. செத்தவங்களும் அதுலதான் இருக்காங்க. நாம ஒண்ணுமே செய்யலேன்னா எவ்வளவு மோசமாகும்னு காட்டுற படம் அது. எல்லாருக்கும் நோய் வரும்னு அர்த்தம்.”

இயக்குநர் மெருகைப் பார்த்தார். மெருகு தன் காகிதத்தைப் பார்த்தார்.

“‘நீங்கியவர்கள்’னு மொட்டையா இருந்துச்சு மேடம். படிக்கறவங்களுக்குப் புரியாதேன்னுதான் ‘நோய்’னு ஒரு வார்த்தை சேர்த்தேன். தமிழ்ல அப்படித்தானே வரும்?”

அப்படித்தான் வரும். அதுதான் கொடுமை. ஒரே ஒரு சொல்லை முன்னால் ஒட்டியதில் செத்த குழந்தைகூடக் குணமாகி எழுந்து உட்கார்ந்துவிட்டது. அந்த நேரத்திலும், நாம் இந்தச் சொல்லை இப்படி மொட்டையாக விட்டிருக்கக் கூடாதே என்று அவளுக்கு உள்ளே ஒன்று சுருக்கென்றது. அதைப் பார்க்க அப்போது நேரமில்லை.

“சார், இப்பவே மாத்திடுங்க. உத்தரவை நிறுத்துங்க.”

இயக்குநர் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். குரல் தேனாக மாறியது. “எனக்குப் புரியாம இல்லம்மா. நீங்க சொன்னதும் புரிஞ்சுபோச்சு. ஆனா காலையிலேயே பத்திரிகைக்குச் சொல்லியாச்சு. டிவில வந்துட்டு இருக்கு. மேட்டுப் பகுதியில மருந்து இறக்கியாச்சு. இப்போ போயி ‘ஐயோ தப்பு’ன்னு சொன்னா, நம்ம துறையை யாரு நம்புவா? உங்க மாடலை யாரு நம்புவா? அடுத்த வரத்து மருந்து முழுசும் பட்டறைக்குத்தான். நான் வாக்குக் கொடுக்கறேன்.”

தப்பு செய்கிறவனைப் பார்த்தால் கோபம் வரும். தப்பு என்று தெரிந்தபிறகும் அதன் மேல் சென்ட் தெளிக்கிறவனைப் பார்த்தால் வருவது கோபம் இல்லை, குமட்டல். சீச்சி வெளியே வந்து குழாயடியில் நின்று சோப்புக் கரைகிற வரைக்கும் கை கழுவினாள். உள்ளே அந்த மனிதர் ஒரு தெருவையே கை கழுவிவிட்டு நிம்மதியாக உட்கார்ந்திருந்தார், அவருக்குச் சோப்பு தேவைப்படவில்லை.

நேரே தம்பி வீட்டுக்குப் போனாள். தெரு வாசலிலேயே தம்பி எதிர்கொண்டான், முகமெல்லாம் பல். பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேர் கூட நின்றார்கள்.

“அக்கா, டிவியில பாத்தோம்! நம்ம பக்கத்துக்கு ஒண்ணும் பயம் இல்லையாமே. துறையில கணக்குப் போட்டுச் சொல்லிட்டாங்களாமே. எங்கக்கா போட்ட கணக்குன்னு இவங்ககிட்டச் சொல்லிட்டு இருந்தேன்.”

“டேய், அது தப்பு. என் கணக்கை மாத்திட்டானுங்க. பாப்பாவை எடுத்துட்டு இப்பவே என் வீட்டுக்குக் கிளம்புங்க.”

உள்ளே போய் மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். டப்பா, பட்டாணி, மெருகு, நோய் என்ற சொல். பாதி கேட்கும்போதே தம்பியின் முகம் மாறியது. அக்கா சொல்வது புரிந்து மாறவில்லை, வேறு எதையோ புரிந்துகொண்டு மாறியது.

“அக்கா, நீ வந்த நாளா இதையேதான் சொல்றே. நாத்தம் அடிக்குது, சாக்கடை ஓடுது, வந்துடு வந்துடுன்னு. போன மழைக்குக் காலரா வரும்னே. அதுக்கு முன்னாடி எலிக்காய்ச்சல்னே. எங்க தெருவே உனக்குப் பிடிக்கல. அதை நேராச் சொல்லிட்டுப் போயேன். டிவில அத்தனை பெரிய ஆபீசர் பொய்யா சொல்லுவாரு?”

“பொய்தான்டா சொல்றாரு!”

“நீயும் அந்த ஆபீஸ்தானே?”

தம்பி மனைவி இடையில் வந்து சமாதானமாகப் பேசினாள். “தையல் ஆர்டர் நிறைய இருக்கு அண்ணி. இயந்திரத்தை விட்டுட்டு எப்படி வர்றது? உங்க வீட்டுல ஒரு சொட்டுப் பால் சிந்தினாலும் எனக்குப் பயமா இருக்கும். ஞாயித்துக்கிழமை வேணா வரோம், ஒருநாள் தங்கிட்டு வரோம்.” தூளியில் கிடந்த குழந்தை அத்தையின் குரல் கேட்டுத் தலையைத் திருப்பிக் காலை உதைத்தது. ஆயுசுக்கும் ‘சீ, சீ’ என்று சொல்லி வைத்ததன் பலனைச் சீச்சி அன்றைக்கு முழுசாக அனுபவித்தாள். நிஜமாகவே ஆபத்து வந்த அன்று அவள் குரலுக்கு அந்த வீட்டில் மதிப்பில்லாமல் போயிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வரவில்லை. குழந்தைக்குச் சளி, கண்ணில் நீர் வடிகிறது, வெயிலில் எடுத்துவர வேண்டாம் என்று பார்க்கிறோம் என்று தம்பி தொலைபேசியில் சொன்னான். சீச்சி கேட்டுக்கொண்டே சுவரில் சாய்ந்தாள். சளி, கண்ணில் நீர், பிறகு காய்ச்சல், காதுக்குப் பின்னால் சிவந்த தடிப்பு. அந்த வரிசை அவளுக்கு மனப்பாடம்.

அரசு மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவில் கட்டிலுக்கு இரண்டு குழந்தைகள். எல்லாம் பட்டறைப் பகுதிப் பிள்ளைகள். தரையில் சிந்திய மருந்து செருப்பில் ஒட்டியது, மூலையில் வாளி நிறைந்து வழிந்தது. சீச்சி ஒரு ‘சீ’யும் சொல்லவில்லை. குழந்தையின் மூக்கைத் துடைத்தாள், காதிலிருந்து வடிந்த சீழைத் துடைத்தாள், துடைத்த துணியைக் கையிலேயே வைத்திருந்தாள். காய்ச்சல் மூளைக்கு ஏறிவிட்டது என்று டாக்டரம்மா சொன்னபோது தம்பி அக்காவின் காலடியில் உட்கார்ந்துவிட்டான். “சொன்னியே அக்கா, சொன்னியே,” என்பதைத் தவிர அவனுக்கு வேறு வார்த்தை வரவில்லை. அதைக் கேட்கக் கேட்க அவளுக்குத் தன் மேலேயே வெறுப்பு வந்தது.

மறுநாள் இயக்குநர் பத்திரிகையாளர்களைக் கூட்டினார். மேட்டுப் பகுதி முகாம் வெற்றி என்று சொல்வதற்காக. சீச்சியைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார், விஞ்ஞான பூர்வமான முடிவு என்று காட்டிக்கொள்ள. ‘நோய் நீங்கியவர்கள்’ கோடு மறுபடியும் திரையில் ஏறியது. அவர் வாயைத் திறப்பதற்குள் சீச்சி எழுந்தாள்.

“இந்தக் கணக்கு நான் போட்டது. இதுல ‘நோய்’ங்கிற வார்த்தை நான் போட்டதில்ல. இந்தக் கோட்டுல செத்த குழந்தைகளும் இருக்காங்க. பட்டறைப் பக்கத்துக்கு ஊசி போடலேன்னா இதுதான் நடக்கும்னு எச்சரிக்கத்தான் போட்டேன். இது தெரிஞ்ச பிறகும் மருந்தைத் திருப்பி அனுப்பல. இப்போ ஆஸ்பத்திரிக்குப் போயிப் பாருங்க, கோடு எங்க நிக்குதுன்னு.”

அவ்வளவுதான் சொன்னாள். அறையில் சென்ட் வாடை மட்டும் மிச்சம் இருந்தது. அன்று சாயங்காலமே மேட்டுப் பகுதியில் மீந்த மருந்து பட்டறைத் தெருவுக்குப் போனது. ஆறு மாதக் குழந்தைகளுக்கும் போட உத்தரவு வந்தது. பட்டறைப் பகுதியில் மூன்று குழந்தைகள் அதற்கு முன்பே இறந்துபோயிருந்தன. இயக்குநருக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ஒன்றும் ஆகவில்லை. ‘மாடலின் சொல்லாட்சியில் நேர்ந்த சிறு குழப்பம் உடனடியாகக் களையப்பட்டது’ என்று அறிக்கை வந்தது, மெருகு போட்டு. சீச்சியை வேலையை விட்டும் எடுக்கவில்லை, பாராட்டவும் இல்லை. தூக்கி எறிந்துவிட்டுப் போகலாம் என்று அவளும் நினைத்துப் பார்த்தாள். போனால் அடுத்த தடவை கோட்டையே அவர்கள் கையால் இழுத்துக்கொள்வார்கள் என்று தோன்றியது. மறுநாள் அதே பிசுக்குக் கைப்பிடியைப் பிடித்துப் படியேறினாள்.

குழந்தை பிழைத்துக்கொண்டது. காய்ச்சல் இறங்கியது, தடிப்பு உதிர்ந்தது, பால் குடித்தது. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா ஒரு பரிசோதனைக்கு எழுதிக்கொடுத்தாள். அதன் முடிவு வந்த அன்று தம்பி லாரி எடுக்கப் போகவில்லை.

சில வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, சீச்சி தம்பி வீட்டில் இருந்தபோது, மெருகு தெருவை விசாரித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். மூக்கில் கைக்குட்டை. கையில் வண்ணக் காகிதம் சுற்றிய கிலுகிலுப்பை. துறையின் சார்பில் ஒரு விழா, நோயை வென்ற குழந்தைகளுக்குப் பரிசு, அழைக்கவந்திருக்கிறார். கூச்சத்தோடுதான் பேசினார். உண்மையிலேயே ஏதாவது செய்து ஈடுகட்ட நினைத்த மாதிரி இருந்தது.

பாயில் குப்புறக் கிடந்த குழந்தையின் பின்னால் குந்தி உட்கார்ந்து கிலுகிலுப்பையை ஆட்டினார். குழந்தை பாயின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தது. இன்னும் பலமாக ஆட்டினார். பக்கத்து வீட்டுக்காரம்மா எட்டிப் பார்த்தாள். குழந்தை திரும்பவில்லை.

“பாப்பாவுக்கு என் மேல கோவம் போல,” என்றார் மெருகு, சிரிக்கப் பார்த்து.

“அவளுக்குக் காது கேட்காது சார்,” என்றான் தம்பி.

கிலுகிலுப்பை நின்றது. மெருகு மெல்ல எழுந்தார். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் சீச்சியைப் பார்த்தார். வாய் பழக்கத்தில் தானாகத் திறந்தது. “அப்போ மேடம், அழைப்பிதழ்ல… இந்த மாதிரி இருந்தா எப்படிப் போடறது? ‘நலம் பெற்ற’ன்னு…”

“ஒரு வார்த்தையும் சேர்க்காதீங்க,” என்றாள் சீச்சி. “மொட்டையாவே இருக்கட்டும். கிளம்புங்க.”

அவர் கிலுகிலுப்பையைத் தையல் இயந்திரத்தின் மேல் வைத்துவிட்டுப் போனார். தம்பி மனைவி அதை எடுத்து ஓரமாகப் போட்டாள். பிறகு குழந்தையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, துணியின் விளிம்பைச் சரிசெய்கிற மாதிரி சாவதானமாகக் கேட்டாள்.

“உங்க கணக்குல இப்போ இவ எந்த டப்பாவுல இருக்கா அண்ணி?”

சீச்சிக்குப் பொய் பிடிக்காது. பொய் சொல்லத் தெரிந்திருந்தால் அன்றைக்குச் சொல்லியிருப்பாள்.

“மூணாவதுல.”

“செத்துப்போன அந்த மூணு பிள்ளைங்களோடயா?”

“ஆமா.”

தம்பி மனைவி அண்ணியின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

“சீ,” என்றாள்.

அந்த வீட்டில் அதுவரை அந்த வார்த்தையைச் சொன்னவள் ஒருத்திதான். சீச்சி குனிந்து குழந்தையின் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அது அம்மாவின் ரவிக்கைப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தது.